அம்மாவின் தலைசுற்றலுக்கு ஆறு டெஸ்ட்: எது எதற்கு, எது இப்போது வேண்டாம்?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிவிடுகிறேன். அம்மாவுக்கு 61 வயது. எட்டு மாதமாகக் காலையில் படுக்கையில் புரண்டாலோ, பரணில் இருக்கும் டப்பாவை எடுக்க அண்ணாந்தாலோ அரை நிமிடம் வீடே சுற்றுகிறது. இது தவிர, கடந்த ஒரு வருடத்தில் மூன்று முறை இடது காது அடைத்துக்கொண்டு, இரைச்சல் கூடி, இரண்டு மூன்று மணி நேரம் விடாமல் சுற்றி, வாந்தியும் எடுத்துப் படுத்துவிட்டார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். கழுத்து எக்ஸ்ரே எடுத்து 'எலும்புத் தேய்மானம்' என்று சொல்லி, தலைசுற்றலை அமுக்கும் சின்னாரிசின் கலந்த மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அது மாதக்கணக்கில் ஓடுகிறது. இப்போது பார்த்த டாக்டர் ஆறு டெஸ்ட் எழுதியிருக்கிறார்: பியூர் டோன் ஆடியோமெட்ரி, இம்பீடன்ஸ், வி.என்.ஜி., வெம்ப், பெரா, மூளைக்கு எம்.ஆர்.ஐ. எல்லாமே எடுக்க வேண்டுமா, எதில் என்ன தெரியும் என்பது உங்கள் கேள்வி.

நான் கேட்புத்திறனையும் சமநிலையையும் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்ட். மருந்து எழுதுவது என் வேலையில்லை, அம்மாவை நேரில் பார்க்கவும் இல்லை. அந்த வரம்புக்குள் நின்று சொல்கிறேன். உங்கள் அம்மாவுக்கு இருப்பது ஒரு தலைசுற்றல் இல்லை, அநேகமாக இரண்டு. தலை அசைந்தால் மட்டும் வந்து அரை நிமிடத்தில் அடங்குவது ஒன்று. எதுவும் செய்யாமலே வந்து, காதையும் கூட இழுத்துக்கொண்டு, மணிக்கணக்கில் ஆட்டிவைப்பது இன்னொன்று. இரண்டையும் 'வர்டிகோ' என்று ஒரே வரியில் சீட்டில் எழுதிவிட்டால், எத்தனை லட்ச ரூபாய் மெஷினில் உட்கார வைத்தாலும் ரிப்போர்ட் குழப்பத்தான் செய்யும்.

தலைசுற்றலுக்கான முதல் பரிசோதனை கேள்வி கேட்பதுதான். எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எது கிளப்பிவிடுகிறது, கூடவே காதில் என்ன நடக்கிறது: இந்த மூன்றும் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சில நொடிகள் நீடித்து, படுக்கும்போதும் புரளும்போதும் வந்தால் உள்காதில் இருக்கும் நுண்ணிய படிகம் இடம்மாறியிருக்கலாம். இருபது நிமிடத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை நீடித்து, காது அடைப்பும் இரைச்சலும் சேர்ந்து வந்தால் மெனியர் என்ற உள்காது நோயை நினைக்க வேண்டும். நாள் கணக்கில் விடாமல் சுற்றினால் சமநிலை நரம்பின் அழற்சி, அல்லது பக்கவாதம். நாற்காலியிலிருந்து எழும்போது மட்டும் கண் இருட்டிக்கொண்டு வந்தால் அது காதே இல்லை, ரத்த அழுத்தம் இறங்குவது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குத் தலைவலியே இல்லாமல் சுற்றல் மட்டும் வருவதும் உண்டு. அதை உறுதிசெய்ய இன்றுவரை ஒரு மெஷினும் கிடையாது. கதை கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அரை நிமிடச் சுற்றலை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதற்குத் தேவையான பரிசோதனை உங்கள் பட்டியலிலேயே இல்லை. அதன் பெயர் டிக்ஸ்-ஹால்பைக். மார்கரெட் டிக்ஸும் சார்ல்ஸ் ஹால்பைக்கும் 1952-இல் விவரித்தது. வேண்டியது ஒரு கட்டில், பார்க்கத் தெரிந்த ஒரு ஆள், அவ்வளவுதான். உட்கார்ந்தபடி தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பி, வேகமாக மல்லாக்கப் படுக்கவைத்து, தலை கட்டில் விளிம்புக்குச் சற்றுக் கீழே சாயுமாறு பிடித்துக்கொண்டு கண்ணைப் பார்ப்போம். படிகம் இடம்மாறியிருந்தால் ஓரிரு நொடி ஒன்றும் நடக்காது. பிறகு கருவிழி மேல்நோக்கித் துள்ளிக்கொண்டே கீழே இருக்கும் காதின் பக்கம் சுழலும். ஒரு நிமிடத்துக்குள் தானே ஓய்ந்துவிடும். அந்தக் கண் துடிப்பைப் பார்த்துவிட்டால் எந்தக் காது, எந்தக் குழல் என்பது வரை அங்கேயே தெரிந்துவிடும்.

பின்னணி இதுதான். உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன, தலை எந்தத் திசையில் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்ல. அவற்றை ஒட்டி இரண்டு சிறு பைகள் உண்டு. அந்தப் பைகளில் கால்சியம் கார்பனேட் படிகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வயதானாலோ, தலையில் அடிபட்டாலோ, உள்காதில் வேறு நோய் வந்தாலோ அவற்றில் சில உதிர்ந்து குழலுக்குள் போய்விடுகின்றன. கொத்தனாரின் ரசமட்டத்துக்குள் மணல் புகுந்த கதை: பலகை நின்ற பிறகும் குமிழி நிற்காது. தலை நின்ற பிறகும் படிகம் உருண்டுகொண்டிருப்பதால் மூளை 'இன்னும் சுற்றுகிறேன்' என்றே எண்ணிக்கொள்கிறது. பெரும்பாலும் பின்குழலில்தான் போய் விழும். சிலருக்குக் கிடைக் குழலில் விழும். அதற்கு டிக்ஸ்-ஹால்பைக் போதாது, மல்லாந்து படுத்துத் தலையை இரு பக்கமும் உருட்டிப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு வசதி, கண்டுபிடித்த கையோடு வைத்தியமும் பார்த்துவிடலாம். ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறையில் தலையை வரிசையாக நான்கைந்து நிலைகளுக்குத் திருப்பினால் படிகம் வந்த வழியே வெளியேறிவிடும். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு முறையில் சரியாகிவிடுகிறது. எட்டு மாதமாக மாத்திரை சாப்பிட்டும் போகாததற்குக் காரணமும் புரிந்திருக்கும். மாத்திரை படிகத்தை நகர்த்தாது. அம்மாவுக்குக் கழுத்தில் தேய்மானம் இருக்கிறது என்பதால் யாராவது இந்தப் பரிசோதனையையே தவிர்த்திருக்கலாம். கழுத்தை அதிகம் மடக்காமல், பக்கவாட்டில் படுக்கவைத்துச் செய்யும் மாற்று முறை இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

தேய்மானம் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பதைத் தாண்டிய பெரும்பாலோரின் கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியத்தான் செய்யும், தலைசுற்றல் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வீடு சுற்றுவது போன்ற உணர்வுக்கு அதைக் காரணமாகச் சொல்லிக் கழுத்துப் பட்டை மாட்டிவிடுவது நம் ஊரில் ஓயாத வழக்கம். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

இன்னொரு செலவில்லாத சோதனை: பத்து நிமிடம் படுக்கவைத்து பிரஷர் பார்த்துவிட்டு, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்ப்பது. மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ இறங்கினால் அதுவும் ஒரு காரணம். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு இதைப் பார்க்காமல் வி.என்.ஜி.-க்கு அனுப்பக் கூடாது.

இனி மணிக்கணக்கில் நீடிக்கும் சுற்றல். இங்கேதான் பட்டியலில் முதலில் உள்ள ஆடியோமெட்ரிக்கு மதிப்பு. "தலைசுற்றலுக்கு எதற்குக் காது டெஸ்ட், அம்மாவுக்கு நன்றாகத்தானே கேட்கிறது" என்று பலர் இதைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள். கேட்கும் நத்தைச் சுருளும் சமநிலைக் குழல்களும் ஒரே எலும்புக் கூட்டில், ஒரே திரவத்தில், ஒரே எட்டாவது நரம்பின் இரு கிளைகளோடு இருப்பவை. ஒன்றின் வீட்டில் நடப்பது மற்றதற்குத் தெரியாமல் போகாது. மெனியர் நோயை 'நிச்சயம்' என்று சொல்வதற்கான 2015-ஆம் ஆண்டின் சர்வதேச வரையறையில் காலரிக்கும் (காதில் நீர் விட்டுப் பார்க்கும் சோதனை, பின்னால் சொல்கிறேன்) இல்லை, எம்.ஆர்.ஐ.-யும் இல்லை. இருபது நிமிடம் முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை நீடித்த சுற்றல் குறைந்தது இரண்டு முறை, அந்தக் காதில் ஏறி இறங்கும் கேட்பு, இரைச்சல் அல்லது அடைப்பு, ஆடியோகிராமில் (ஆடியோமெட்ரி தரும் வரைபடம்) பதிவான தாழ்-நடு சுருதி நரம்புச் செவிக்குறைவு, வேறு காரணம் இல்லை என்ற தெளிவு: இவ்வளவுதான் கேட்கிறார்கள். ஆறில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் ஆடியோகிராமைத்தான் எடுக்கச் சொல்வேன்.

அதை எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது. ஒலிபுகா அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியாகக் கொடுப்போம். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்டதும் 10 டெசிபல் குறைப்போம், கேட்காவிட்டால் 5 டெசிபல் ஏற்றுவோம். பாதி தடவையாவது கேட்கும் மிகக் குறைந்த அளவுதான் அந்தச் சுருதிக்கான எல்லை. பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு அதிர்வியை வைத்து மறுபடியும் எடுப்போம். ஹெட்போனில் குறைவாகவும் எலும்பு வழியில் சரியாகவும் கேட்டால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ: அழுக்கு, சீழ், செவிப்பறை ஓட்டை, எலும்பு இறுக்கம். இரண்டு வழியிலும் ஒரே அளவு குறைந்தால் உள்காதோ நரம்போ. வலது காதைச் சிவப்பு வட்டத்தாலும் இடது காதை நீலப் பெருக்கல் குறியாலும் குறிப்போம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அளவீட்டில் 20 டெசிபலுக்குள் இருந்தால் இயல்பு. 35-க்குள் லேசான குறைவு. 50-க்குள் மிதமான குறைவு. பழைய முறையில் 25 வரை இயல்பு என்று எழுதும் இடங்களும் உண்டு. ஒரே வரைபடத்துக்கு இரண்டு இடங்களில் இரண்டு பெயர் கிடைப்பது இதனால்தான், அம்மாவின் காது மாறியதால் அல்ல.

கேட்காத காதுக்குக் கொடுக்கும் ஒலியை நல்ல காது கேட்டுவிட்டுப் பொத்தானை அழுத்திவிடும். எலும்பு வழியில் கொடுத்தால் இரண்டு காதுக்கும் ஏறக்குறைய சமமாகவே போய்ச் சேரும். அதனால் நல்ல காதில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலைக் கொடுத்து அதை வேலையாக வைத்திருக்க வேண்டும், மாஸ்கிங் என்பார்கள். ஒரு காதில் மட்டும் குறை இருக்கும்போது மாஸ்கிங் செய்யாத ஆடியோகிராமை நான் நம்ப மாட்டேன்.

மெனியர் சந்தேகத்தில் வருபவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. இந்த நோய் ஆரம்பத்தில் 250, 500, 1000 ஹெர்ட்ஸில்தான் கேட்பைக் குறைக்கும். மின்விசிறி, ஏ.சி., தெருவில் போகும் பஸ் எல்லாம் எழுப்பும் இரைச்சலும் அதே தாழ்ந்த சுருதிகளில்தான். மருந்துக் கடையின் பின்னறையிலோ, முகாமில் திரை கட்டியோ எடுத்த ஆடியோகிராமில் இந்த இரைச்சலே போலியாக ஒரு 'தாழ்சுருதிக் குறைவை' வரைந்துவிடும். அது இரண்டு காதிலும் ஒரே மாதிரி இருக்கும். உண்மையான நோய் தொடக்கத்தில் பொதுவாக ஒரு காதில்தான் இருக்கும். வரையறையும் நோயுள்ள காது மற்றக் காதைவிட, 2000 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடுத்தடுத்த இரண்டு சுருதிகளில் குறைந்தது 30 டெசிபலாவது பின்தங்கியிருக்க வேண்டும் என்று கேட்கிறது. அதனால் ஒலிபுகா அறை இருக்கிறதா, மெஷினை வருடாவருடம் அளவு சரிபார்க்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். எடுப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்றும் கேட்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டால் வேறு இடம் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் இ.என்.டி. பிரிவிலும் ஆடியோகிராம் எடுக்கலாம்.

இந்த நோயில் கேட்பு ஏறி இறங்கும் என்றேன். நல்ல நாளில் எடுத்தால் ஆடியோகிராம் சுத்தமாக இருக்கலாம். அடுத்த முறை காது அடைத்துச் சுற்றல் வந்தால், நிற்க முடிந்ததும், அன்றோ மறுநாளோ போய் ஒன்று எடுத்துவிடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் பல நேரங்களில் நோயைப் பிடித்துத் தருகிறது. கூடவே சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பேச்சுச் சோதனையையும் செய்யச் சொல்லுங்கள். தமிழ்ச் சொற்பட்டியலை வைத்துச் செய்ய வேண்டும். அம்மாவுக்குப் பழக்கமில்லாத ஆங்கிலச் சொற்களைக் கொடுத்துவிட்டு மார்க் குறைத்துப் போடுவதில் அர்த்தமில்லை. சுருதிகள் ஓரளவு கேட்டும் சொற்கள் மட்டும் மோசமாகப் புரியவில்லை என்றால் நரம்பின் மேல் சந்தேகம் திரும்பும்.

இம்பீடன்ஸ் இரண்டு நிமிட வேலை. காதை ரப்பர் முனையால் அடைத்து, காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கி, 226 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொண்டு செவிப்பறை எவ்வளவு நெகிழ்கிறது என்று பார்ப்பது. ரிப்போர்ட்டில் 'ஏ டைப்' என்றால் நடுக்காது சரி. 'பி டைப்' என்றால் தட்டைக் கோடு, நடுக்காதில் நீர் அல்லது செவிப்பறையில் ஓட்டை, சில நேரம் வெறும் அழுக்கு. 'சி டைப்' என்றால் மூக்கையும் காதையும் இணைக்கும் குழாய் சரியாகத் திறக்கவில்லை. அம்மாவின் காது அடைப்பு சளியால் வந்ததா உள்காதிலிருந்து வந்ததா என்று பிரிக்க இது வேண்டும். எடுத்துவிடுங்கள்.

வி.என்.ஜி. பற்றித்தான் அதிகக் குழப்பம். அது ஒரு டெஸ்ட் இல்லை, பல டெஸ்ட்டுகள் சேர்ந்த ஒரு கட்டு. அகச்சிவப்புக் கேமரா பொருத்திய கண்ணாடியை மாட்டி, இருட்டிலும் கண் அசைவைப் பதிவு செய்வது. முதலில் புள்ளியைப் பின்தொடரச் சொல்வார்கள். இது மூளையின் பங்கைப் பார்ப்பதற்கு. பிறகு படுக்கும் நிலைகளில் கண் துடிக்கிறதா என்று பார்ப்பார்கள்; டிக்ஸ்-ஹால்பைக் இதற்குள் அடங்கும். கடைசியாகக் காலரிக். அதற்கு முன் காதுக்குள் பார்த்து அழுக்கு எடுத்திருக்க வேண்டும், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தண்ணீர் விடவே கூடாது. தலையை 30 டிகிரி உயர்த்திப் படுக்கவைத்து, ஒவ்வொரு காதிலும் 30 டிகிரி செல்சியஸ் நீரும் 44 டிகிரி நீரும் தனித்தனியே செலுத்துவார்கள். சில இடங்களில் நீருக்குப் பதில் காற்று. உடல் வெப்பத்தைவிட ஏழு டிகிரி கீழே, ஏழு டிகிரி மேலே. இந்தக் கணக்கை 1942-இல் ஃபிட்ஸ்ஜெரால்டும் அதே ஹால்பைக்கும் வகுத்தார்கள்.

இதன் மூலக்கதை சுவையானது. வியன்னாவில் ராபர்ட் பாராணி என்ற இளம் காது மருத்துவர் ஒரு நோயாளியின் காதைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் குளிர்ந்திருந்ததால் தலை சுற்றுகிறது என்றார் நோயாளி. அடுத்த முறை சூடாக இருந்தது. அப்போதும் சுற்றியது, ஆனால் கண் எதிர்த்திசையில் துடித்தது. வெப்பத்தால் குழலுக்குள் திரவம் மேலேறுகிறது, குளிரால் கீழிறங்குகிறது என்று அதிலிருந்து ஊகித்தார். அதற்காக 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. ஸ்வீடன் இளவரசர் தலையிட்டு அவரை விடுவிக்க வேண்டியிருந்தது.

காலரிக் செய்யும்போது அம்மாவுக்குச் சுற்றும். அதுதான் வேண்டும். ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பயம் பாதியாகும். நான்கு தடவையும் வந்த கண் துடிப்பின் வேகத்தைக் கூட்டிக் கழித்து, ஒரு காது மற்றதைவிட எத்தனை சதவிகிதம் சோம்பல் என்று சொல்வார்கள். 25 சதவிகிதத்துக்கு மேல் என்றால் பெரும்பாலான கூடங்களில் அசாதாரணம் எனக் கொள்வார்கள்.

ஆனால் காலரிக் பார்ப்பது மிக மெதுவான தலை அசைவுக்கு நிகரான ஒன்றை, அதுவும் கிடைக் குழலில் மட்டும். நாம் நடக்கும்போதும் திரும்பும்போதும் நடப்பது வேகமான அசைவு. அதைப் பார்க்க இன்னொரு சோதனை உண்டு, உங்கள் பட்டியலில் இல்லை: தலை உந்தல் சோதனை. ஹால்மாகியும் கர்தாய்ஸும் 1988-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதியது. டாக்டரின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லி, தலையைச் சட்டென்று சிறிதளவு பக்கவாட்டில் திருப்புவார்கள். அந்தப் பக்கக் குழல் வேலை செய்தால் கண் மூக்கை விட்டு நகராது. செய்யாவிட்டால் கண் தலையோடு போய்விட்டு ஒரு குதி குதித்துத் திரும்பி வரும். கேமராக் கண்ணாடி மாட்டிச் செய்தால் வி.எச்.ஐ.டி. என்பார்கள், ஆறு குழல்களையும் தனித்தனியே அளக்கலாம், சில நிமிடம்தான், வாந்தி வராது. மெனியர் நோயில் காலரிக் சோம்பலாகவும் இந்தச் சோதனை இயல்பாகவும் வருவது அடிக்கடி காணப்படும் முரண். இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு 'எல்லாம் நார்மல்' என்று எழுதுவது இதனால்தான் ஆபத்து. டி.பி.-க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோ, வேறு தொற்றுக்கு ஜென்டாமைசினோ போட்டு இரண்டு காதின் சமநிலையும் போனவர்களுக்கு வீடு சுற்றவே சுற்றாது. இருட்டில் தடுமாறுவார்கள், நடந்தால் பார்வை குலுங்கும் என்பார்கள். அவர்களை இந்தச் சோதனை ஐந்து நிமிடத்தில் காட்டிக்கொடுக்கும்.

வி.என்.ஜி.-க்குப் போகும் முன் கவனிக்க வேண்டியது அம்மாவின் மாத்திரை. சின்னாரிசின், டைமென்ஹைட்ரினேட், புரோகுளோர்பெராசின், மெக்லிசின் போன்றவை கண் துடிப்பையே அமுக்கிவிடும். பொதுவாக 48 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வோம். தூக்க மாத்திரையும் அப்படித்தான், ஆனால் அதைப் பல காலமாகச் சாப்பிடுபவர் திடீரென நிறுத்தக் கூடாது. எதையுமே டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். பிரஷர், சுகர், வலிப்பு மாத்திரைகளை நிறுத்தவே கூடாது. அன்று காலை காபி வேண்டாம், லேசாக இரண்டு இட்லி போதும், கண்ணுக்கு மை வேண்டாம் (கேமரா அதைக் கருவிழி என்று நினைத்துக்கொள்ளும்), கூட ஒருவர் போங்கள். இன்னொன்று: இந்த மாத்திரைகள் கடுமையாகச் சுற்றும் நாளுக்கானவை. மாதக்கணக்கில் தொடர்ந்தால் மூளை தானாகச் சமாளித்துப் பழகுவதையும் அவை தடுக்கும். டாக்டரிடம் இதைக் கட்டாயம் பேசுங்கள்.

வெம்ப்: காதில் பலத்த ஒலியைக் கொடுத்து, கழுத்துத் தசையிலும் கண்ணுக்குக் கீழும் எழும் மின் அலையை அளப்பது. குழல்களை அல்ல, படிகம் ஒட்டியிருக்கும் அந்த இரண்டு சிறு பைகளையும் அவற்றின் நரம்புக் கிளைகளையும் பார்க்கிறது. தன் குரலே காதுக்குள் முழங்குகிறது, சத்தம் கேட்டால் சுற்றுகிறது என்பவர்களுக்கு இது விலைமதிப்பில்லாத சோதனை. மேல்குழலின் எலும்பு மூடி தேய்ந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும். உங்கள் அம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை. அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஒன்றும் இல்லாமலே இந்த அலை சிறுத்தோ காணாமலோ போகும், நடுக்காதில் கோளாறு இருந்தாலும் வராது. இப்போதைக்கு இதைத் தள்ளிவைக்கலாம் என்பது என் கருத்து. இரைச்சல் உள்ள காதுக்கு அவ்வளவு பலத்த ஒலியைக் கொடுக்கக் காரணம் வேண்டும்.

பெரா, அதாவது காதிலிருந்து மூளைத்தண்டு வரை ஒலிச் செய்தி போகும் நேரத்தை மில்லிநொடிகளில் அளப்பது. பச்சிளங்குழந்தைகளுக்கு இது இல்லாமல் முடியாது. பொத்தானை அழுத்தச் சொல்ல முடியாதே. பெரியவர்களுக்கு இதை எழுதுவது பெரும்பாலும் எட்டாவது நரம்பில் கட்டி இருக்கிறதா என்ற சந்தேகத்தில். ஒரு காதில் மட்டும் நரம்புச் செவிக்குறைவும் இரைச்சலும் இருந்தால் அந்தச் சந்தேகம் நியாயம்தான். ஆனால் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த கட்டியைப் பெரா தவறவிடக்கூடும், எம்.ஆர்.ஐ. விடாது. எம்.ஆர்.ஐ. எடுப்பதாக இருந்தால் அதே கேள்விக்குப் பெராவும் எதற்கு என்று டாக்டரிடம் கேளுங்கள். வேறு காரணம் இருந்தால் சொல்வார்.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? ஆடியோகிராமில் இடது காது மட்டும் தெளிவாகக் குறைந்திருந்தால் ஒருமுறை எடுப்பது சரி. ஆனால் சீட்டில் வெறும் 'மூளை எம்.ஆர்.ஐ.' என்று இருக்கக் கூடாது. உட்செவி நரம்புப் பாதையை மெல்லிய துண்டுகளாக எடுக்கும்படி எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறு கட்டி இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். சாய ஊசி போடுவதாக இருந்தால் முதலில் சிறுநீரகம் சரியா என்று அறிய ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பார்கள். ஆடியோகிராம் இரண்டு காதிலும் சமமாக வந்துவிட்டால் ஸ்கேன் அவசரம் இல்லை. எனவே ஆடியோகிராம் கைக்கு வராமல் ஸ்கேனுக்குப் பணம் கட்டாதீர்கள்.

இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. திடீரென்று தொடங்கி நிற்காமல் சுற்றுகிறது, அதோடு இரட்டையாகத் தெரிகிறது, நாக்குக் குழறுகிறது, விழுங்க முடியவில்லை, முகமோ கை காலோ மரத்துப்போகிறது, பிடித்துக்கொண்டும் நிற்க முடியவில்லை, புதிதாகக் கடும் தலைவலி அல்லது கழுத்துவலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் காது டெஸ்ட் எதுவும் வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு பக்கவாதச் சிகிச்சை உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் பொதுவான கெடு. அங்கே சி.டி. எடுத்து 'ஒன்றுமில்லை' என்று சொன்னாலும் அது ரத்தக் கசிவு இல்லை என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். பின்மூளையில் ரத்த ஓட்டம் தடைபட்டிருப்பது சி.டி.-யில் பெரும்பாலும் தெரியாது. முதல் ஒன்றிரண்டு நாளில் எம்.ஆர்.ஐ.-கூட ஏமாற்றியிருக்கிறது. பழகிய டாக்டர் அப்போது மூன்று விஷயம் பார்ப்பார்: தலை உந்தல், கண் துடிப்பின் திசை, ஒரு கண்ணை மாற்றி மாற்றி மூடும்போது கண் மேலும் கீழும் விலகுகிறதா என்பது. ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் தலை உந்தல் இயல்பாக வந்தால் அது நல்ல செய்தி இல்லை. காது தப்பிவிட்டது, மூளையைப் பார் என்று பொருள்.

சுற்றல் இல்லாமலே ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அவசரம்தான். மூன்று நாளுக்குள், அடுத்தடுத்த மூன்று சுருதிகளில் 30 டெசிபல் இறங்கினால் திடீர் செவித்திறன் இழப்பு என்று கொள்வார்கள். ஸ்டீராய்டு வைத்தியத்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரம் தாண்டினால் பலன் சரிகிறது. 'சளியாக இருக்கும்' என்று சொட்டு மருந்து விட்டு நாளைக் கடத்தியவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

ஆக உங்கள் அம்மாவுக்கு என் வரிசை இப்படி இருக்கும். இந்த வாரமே டிக்ஸ்-ஹால்பைக், படிகம் தெரிந்தால் அங்கேயே எப்லி. படுத்தும் நின்றும் பிரஷர். ஒலிபுகா அறையில் ஆடியோகிராம், பேச்சுச் சோதனை, இம்பீடன்ஸ். காது குறைவு ஒருபக்கமாக இருந்தால் எம்.ஆர்.ஐ. மாத்திரையை முறையாக நிறுத்திய பிறகு, மணிக்கணக்கில் நீடிக்கும் சுற்றலுக்காக, காலரிக் உள்ள வி.என்.ஜி., வசதி இருந்தால் வி.எச்.ஐ.டி. வெம்பும் பெராவும் அதற்குப் பிறகும் கேள்வி மிச்சம் இருந்தால். ஒருவருக்கே படிகக் கோளாறும் மெனியரும் சேர்ந்து வருவது அபூர்வமும் இல்லை; நோயுள்ள உள்காதில் படிகம் எளிதாக உதிரும். எப்லி செய்து காலைச் சுற்றல் நின்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆடியோகிராமை விட்டுவிடாதீர்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு நோட்டில் தேதி, எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம், எந்தக் காது அடைத்தது, தலைவலி இருந்ததா, அன்று என்ன மாத்திரை என்று எழுதி எடுத்துப் போங்கள். சுற்றும்போதே அம்மாவைக் கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கச் சொல்லி, போனில் கண்ணை நெருக்கமாக வீடியோ எடுக்க முடிந்தால் அது பல ரிப்போர்ட்டுகளைவிட மேல். ரிப்போர்ட் வாங்கும்போது 'நார்மல்' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வராதீர்கள். ஆடியோகிராமின் அசல் வரைபடமும், வி.என்.ஜி.-யின் அலைகளும் எண்களும், முடிந்தால் கண் வீடியோவும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆடியோகிராமை ஒப்பிட இதுதான் வேண்டும்.